ஆறரை மணிக்குக் கரையேற்றியவர்

கடலை நான் மொத்தம் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் முழங்காலுக்கு மேல் நனையவில்லை. நீச்சல் தெரியாது. கோயமுத்தூரில் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில், 'தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டாதீர்கள்' என்பது போன்ற அரிய வாக்கியங்களை எழுதிக்கொடுப்பது என் வேலை. அப்படிப்பட்ட நான், ஆளில்லாத தீவில் மாட்டிக்கொண்ட ஒருவனைப் பற்றி முன்னூறு பக்கத்துக்கு நாவல் எழுதினேன் என்றால், அந்தத் துணிச்சலை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும். பாராட்டினார்கள். வினையே அதில்தான் வந்தது.

அந்த நாவலைக் கணினியில் அடித்துக்கொடுத்த அம்மாவைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் இருந்த டி.டி.பி. கடையில் வேலை பார்த்தார். கடை மூடி இரண்டு வருடம் ஆகிறது. அவரும் மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். அதனால்தான் இதை எழுதத் துணிந்தேன். பெயரை மட்டும் சொல்லமாட்டேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். சோமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். வீட்டுக்கு இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடம். கல்யாணமான நாளிலிருந்து தறி ஓட்டியவர், முப்பத்தைந்து வயதுக்கு மேல் தட்டச்சுக் கற்றுக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தார்.

"தறிக்குள்ள நின்னா பக்கத்துல இருக்கறவங்க வாய் மட்டுந்தான் அசையுமுங்க சார். என்ன சொல்றாங்கன்னு தெரியாது. கூட பத்துப் பேரு இருப்பாங்க, ஆனா தனியாத்தான் நிக்கோணும். இங்க வந்தப்பறந்தான் மனுசரு பேசறதே காதுல உழுந்துதுங்க. இனி தங்கத்துல தறி போட்டுக் குடுத்தாலும் அந்தச் சத்தத்துக்குள்ள போகமாட்டேன்" என்பார்.

என் கையெழுத்தை அந்தச் சந்திலேயே படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கே பல இடங்களில் புரியாது. "இது என்னங்க எழுதியிருக்கேன்?" என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரையும் பாதியில் விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. யாரையும் என்று நான் சொல்வது ரத்தமும் சதையுமான ஆளை மட்டுமல்ல, எழுத்தில் இருக்கிற ஆளையும் சேர்த்துத்தான். இதை ஒரு நாள் சாயங்காலம் தற்செயலாகக் கண்டுபிடித்தேன். கடை மூடுகிற நேரம். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டார். திரையில் என் நாவலின் மூன்றாம் அத்தியாயம். என் ஆள் கடலில் விழுந்து, ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கட்டிக்கொண்டு மிதக்கிறான். அதற்குக் கீழே புதிதாக இரண்டு வரி. 'கரை வந்துவிட்டது. அவன் தலையைத் துவட்டிக்கொண்டு சூடாக ஏதோ குடித்தான்.'

"ஏனுங்கம்மா, இது நான் எழுதலையே?"

"இல்லைங்க சார், அது நான் போட்டதுங்க. காலைல வந்து அழிச்சுருவேன்."

"எதுக்குங்க?"

"மணி ஆறரை ஆயிருச்சுங்களே. உங்காளு இன்னும் தண்ணிக்குள்ளயே கெடக்கறாரு. அப்படியே உட்டுட்டு பஸ் ஏறுனா எப்படிங்க? சோமனூர் போற வரைக்கும் அதே நெனப்பா இருக்கும்."

"அவன் கரைக்கு வர இன்னும் பன்னெண்டு பக்கம் இருக்குதுங்க."

"அது உங்க கணக்குங்க. நான் ராத்திரி தூங்கோணுமில்ல?"

இது என் நாவலுக்கு மட்டும் கிடைத்த சலுகை அல்ல என்பது பிறகு தெரிந்தது. ஜாதகப் பலன் அடிக்கும்போது ஏழரைச் சனியில் ஆறரை அடித்துவிட்டால், 'சனி விலகிவிட்டது, இனி நல்லதே நடக்கும்' என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆட்டு நோயைப் பற்றி ஒரு மாணவர் ஆராய்ச்சி எழுதிக் கொடுத்திருந்தார். அதில் காய்ச்சல் கண்ட பதினொரு ஆடுகளும் ஒரு ராத்திரி முழுக்க அவர் புண்ணியத்தில் நலமாக இருந்தன. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வந்து, முதல் வேலையாக அந்த வரியை அழித்து, ஆடுகளை மறுபடியும் காய்ச்சலில் படுக்கவைத்துவிட்டு வேலையைத் தொடங்கினார்.

தீவுக் கதைகளை நான் ஒரு முப்பதாவது படித்திருப்பேன். எல்லாவற்றிலும் கப்பல் முழுகும், தச்சுச் சாமான் பெட்டி மட்டும் முழுகாது. போன மாதம் வரை கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன் தீவில் கால் வைத்ததும் வீடு கட்டுவான், பயிர் வைப்பான், ஆட்டுத்தோலில் சட்டை தைப்பான். இந்தக் காலத்தில் அதே கதையைத் திருப்பிச் சொல்கிறவர்கள் தீவை விமான நிலையத்துக்கும், விண்கலத்துக்கும், ஊரடங்கில் பூட்டிக்கிடந்த பதினான்காவது மாடிக்கும் மாற்றிவிட்டார்கள். நானும் என் பங்குக்கு, சரவணம்பட்டியில் மென்பொருள் எழுதுகிற ஒருவனைக் கொண்டுபோய்த் தீவில் போட்டேன். ஆபீசில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று கப்பலில் உல்லாசப் பயணம் கூட்டிப்போகிறார்கள். அதில் இவன் மட்டும் தனியாகிவிடுகிறான். இந்த யோசனை வந்த அன்றைக்கு என் முதுகை நானே தட்டிக்கொள்ளக் கை எட்டவில்லை.

அந்த அம்மாவுக்குத்தான் நாவலில் நிறையச் சந்தேகம்.

"சார், தீவுல ஒரு குன்று இருக்குதுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமாங்க."

"குன்று இருந்தா மேல ஒரு முருகன் கோயில் இருக்காதுங்களா?"

"ஆளில்லாத தீவுங்க அது."

"மருதமலையிலயும் ஒரு காலத்துல ஆளில்லாமத்தானுங்க இருந்திருக்கும்."

இன்னொரு நாள், "போன்ல சார்ஜ் தீந்துபோச்சு, சரிங்க. ஒரு தூக்குப்போசியில சோறு எடுத்துட்டு வந்திருக்கலாமில்லீங்க? கப்பல்ல போறவன் கட்டுச்சோறு இல்லாமயா போவான்?" என்றார்.

"கப்பல்லயே சாப்பாடு குடுப்பாங்க."

"குடுத்து என்னத்துக்கு? முழுகிப்போச்சே."

சிரித்துக்கொண்டேதான் கேட்பார். எனக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்குப் போய் இதையெல்லாம் அவர் குரலிலேயே நடித்துக்காட்டி மனைவியைச் சிரிக்கவைப்பேன். அவரை நான் ரசித்தது அந்த மட்டில்தான். ஒரு தமாஷ்.

ஒருநாள் கடை மூடிய பிறகு என் ஸ்கூட்டர் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் வலித்தது. பக்கத்தில் பட்டறை வைத்திருந்தவருக்குப் போன் செய்துவிட்டு, "நீங்க கிளம்புங்கம்மா, பஸ் போயிரும்" என்றேன். அவர் போகவில்லை. கடைப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம். மெக்கானிக் வந்து ஏதோ ஒரு வயரை மாற்றி, வண்டி உறுமி, நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எழுந்தார். "வண்டி வாங்குனா மட்டும் போதாதுங்க சார், அப்பப்பக் கவனிக்கோணும்" என்று திட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸுக்கு நடந்தார்.

இனி என் வீரப் பிரதாபத்துக்கு வருகிறேன்.

பதினான்காம் அத்தியாயத்தில், தீவில் அது ஒன்பதாம் நாள். என் ஆள் சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது. காய்ச்சலோடு ஒரு பாறை இடுக்கில் படுத்துக்கிடக்கிறான். அந்த இடத்தில் ஆறரை அடித்தது. அவர் வழக்கம்போல நாலு வரி போட்டுவிட்டுப் போனார். மறுநாள் அவருக்கே காய்ச்சல். மூன்று நாள் வரவில்லை. அந்த மூன்று நாளும் வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து, என் கையெழுத்தைக் குத்துமதிப்பாகப் படித்து, அடித்துக்கொண்டே போய்விட்டார். அந்த அம்மா திரும்பி வந்தபோது நாவல் முடிந்து, பக்கம் கட்டப்பட்டு, திருத்தம் பார்க்கிற தாள்கள் என் வீட்டில் இருந்தன.

எனக்குப் போன் செய்தார். "சார், பதினாலை மட்டும் நல்லாப் பாத்துருங்க. நான் போட்டதை யாரும் அழிக்கலைன்னு நெனைக்கறேன்."

"பாத்துட்டேங்க. எல்லாம் சரியா இருக்குது."

பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க, பின்னட்டையில் வரப்போகிற என் புகைப்படத்தில் தாடையில் கை இருக்க வேண்டுமா வேண்டாமா என்ற முக்கியமான வேலையில் இருந்தேன். (இருந்தது. பார்த்தால் பல்வலிக்காரன் மாதிரி இருக்கும்.) தாள்களை ஒரு புரட்டுப் புரட்டி, 'அச்சுக்குப் போகலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

முன்னூறு பிரதி வந்து இறங்கிய அன்று, ஒன்றை ஆசையாகத் திறந்தேன். சரியாக அந்தப் பக்கம்.

'அப்போது ஒருவர் வந்தார். ஏனுங்க, சாப்டீங்களா என்று கேட்டார். கொண்டுவந்த சோற்றை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். விடிகிற வரைக்கும் அவர் போகவில்லை.'

அடுத்த வரியில், 'மனித வாடையே இல்லாத அந்தத் தீவில் பத்தாம் நாள் விடிந்தது' என்று நான் கம்பீரமாக ஆரம்பித்திருந்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பறந்தேன். நாலு பேர் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் கத்தினேன். "என் தீவுக்கு யாருங்க சோறு கொண்டாந்தது?" என்றுதான் ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன். வேறு நாளாக இருந்தால் எனக்கே சிரிப்பு வந்திருக்கும்.

கடைக்காரர் அமைதியான மனிதர். வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். எழுதினவர் தப்பாக எழுதியிருந்தால் தப்பாகவே அடிக்க வேண்டும், சொந்தமாக ஒரு புள்ளி சேர்க்கக் கூடாது. அவர் அந்த அம்மாவைப் பார்த்து, "இது நீ போட்டதா அம்மணி?" என்றார்.

"நான்தானுங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தார். 'நான் போன் பண்ணிச் சொன்னேனே' என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 'அவங்க சொன்னாங்க, நான்தான் பார்க்கலை' என்று நான் சொல்லியிருக்கலாம். நானும் சொல்லவில்லை. அவர் சொல்லாததும் நான் சொல்லாததும் ஒன்றல்ல.

"நாளையிலிருந்து வர வேண்டாம் அம்மணி" என்றார் கடைக்காரர். அந்த அம்மா விசைப்பலகைக்கு உறை போட்டு மூடி, பையை எடுத்து, கடைக்காரரிடம் "வாரேனுங்க" என்றார். என்னிடமும் "வாரேனுங்க சார்" என்றார்.

அந்தச் சந்தில் மொத்தம் ஐந்து டி.டி.பி. கடைகள். மற்ற நாலிலும் அவர் வேலை கேட்டுப் போனார் என்றும், 'சொந்தமாச் சேத்தற அம்மா' என்று பெயர் பரவிவிட்டதால் ஒருவரும் எடுக்கவில்லை என்றும் பிறகு கேள்விப்பட்டேன். தறிக்கே திரும்பிவிட்டாராம்.

இரண்டு மாதம் கழித்து, சரவணம்பட்டியில் ஒரு கல்லூரியில் என் நாவலுக்கு விமர்சனக் கூட்டம் நடந்தது. பேசிய பேராசிரியை முதல் இருபது நிமிடம் என்னை நன்றாகவே துவைத்தார். கடலைப் பார்க்காதவன் எழுதிய கடல், கேள்விப்பட்ட பசி, இன்ன பிற. நான் புன்னகையை முகத்தில் ஆணி அடித்து மாட்டிவைத்திருந்தேன். கடைசியில் புத்தகத்தைத் திறந்தார்.

"ஆனா, நாலு வரி இருக்குது" என்றார்.

படித்தார். அந்த அம்மா போட்ட அதே நாலு வரி.

"தீவுக் கதைகளிலே இன்னொரு மனுஷன் வந்தா, ஒண்ணு பயமா வருவான், இல்லேன்னா வேலைக்காரனா வருவான். நான் படிச்ச வரைக்கும், சாப்பிட்டியான்னு கேட்டுக்கிட்டு ஒருத்தரும் வந்ததில்லை. யார் அவர், எங்கிருந்து வந்தார்னு ஆசிரியர் சொல்லவே இல்லை. அடுத்த வரியிலேயே மனித வாடை இல்லைங்கறார். அப்படின்னா அது அவன் மனசு. தனிமை தாங்காம, தனக்கு ஒரு துணையை அதுவே உண்டாக்கிக்குது. இந்த நாலு வரிக்காக இந்த நாவலை மன்னிச்சுடலாம்."

கை தட்டினார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஏற்புரை. ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றபோது, உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு முழு நொடி இருந்தது. சத்தியமாக இருந்தது.

"அந்த நாலு வரிக்கு நான் நாலு மாசம் உக்காந்தேனுங்க" என்றேன்.

மறுபடியும் கை தட்டினார்கள். யாரோ அதைப் போனில் படம் பிடித்தார்கள். அது ஊரெல்லாம் சுற்றியது. நானே பதினேழு பேருக்கு அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைக்காரரிடம் போய், 'அந்த வரி இருந்தது நல்லதாப் போச்சு, அந்தம்மாவை மறுபடி சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்வது. சொன்னால் அவர் தறிச் சத்தத்திலிருந்து வெளியே வந்துவிடலாம். ஆனால் அந்த வரி யாருடையது என்பதும் கூடவே வெளியே வந்துவிடும். இரண்டு முறை கிளம்பினேன். முதல் முறை சந்து முனையில் கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் முறை, வெயில் காலத்தில், ஒரு குடை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஒருநாள் கடைக்காரரே கூப்பிட்டார். "ஏனுங்க சார், ஒரு சின்னச் சந்தேகமுங்க. கொஞ்சம் வந்துட்டுப் போக முடியுங்களா?"

போனேன். வாடிக்கையாளர்கள் உட்காருகிற பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தறிக்குப் போகிறவர்கள் பேசுகிற மாதிரி, தேவைக்கு அதிகமான சத்தத்தில், "வாங்க சார்" என்றார். கடைக்காரர் போனை என் பக்கம் திருப்பினார். அதில் நான் இருந்தேன். நாலு வரிக்கு நாலு மாசம் உட்கார்ந்துகொண்டிருந்தேன்.

"இது நீங்கதானுங்களே?"

"நான்தானுங்க."

"இந்தம்மா இதக் கொண்டாந்து காட்டுச்சுங்க. அந்த வரியெல்லாம் சார் எழுதுனதுதான், நான் பாத்து அடிச்சேன், அன்னிக்கு எல்லாரும் இருந்ததுல பயந்துபோய் ஒத்துக்கிட்டேங்குது. நெசமுங்களா?"

பெஞ்சைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் திருடியது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அந்தத் திருட்டையே எடுத்துக்கொண்டு வேலை கேட்க வந்திருக்கிறார். நான் உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை இல்லை. பொய்யைச் சொன்னால் உண்டு. அந்தப் பொய்யோ எனக்கு வெல்லம்.

"நெசந்தானுங்க" என்றேன். "எழுதுனதை மறந்துபோயிட்டேன்."

"எழுதுனத மறந்துபோட்டு எங்க புள்ளையத் திட்டுனீங்களா?" என்றார் கடைக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அன்றுதான். "நல்லா எழுதுனீங்க போங்க. வாயில சொன்னா பத்தாதுங்க சார். சந்து பூரா இதும் பேரு கெட்டுக் கெடக்குது. ஒரு லெட்டராக் குடுங்க."

தாளை எடுத்தேன். அவர் தடுத்தார். "உங்க எழுத்த யாருங்க படிக்கறது? அம்மணி, ஒக்காந்து அடிச்சுக் குடு."

அந்த அம்மா எழுந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். கடைக்காரர் உள்ளே மிஷினைப் பார்க்கப் போனார். நான் பக்கத்தில் நின்றேன்.

"சொல்லுங்க சார்."

"ஏனுங்க," என்றேன் மெதுவாக, "உண்மையைச் சொல்லிப்போடட்டுங்களா?"

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா உங்களுக்கு மனசு லேசாயிருமுங்க. நான் மறுபடியும் தறிக்குப் போவோணும். சொல்லுங்க, என்ன அடிக்க?"

சொன்னேன். மேற்படி நாலு வரிகளும் நானே எழுதியவை. தட்டச்சு செய்தவர் எதையும் சேர்க்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது. சொல்லச் சொல்ல அவர் விரல்கள் ஓடின. நான் சொன்னதற்கு மேல் ஒரு எழுத்தும் விழவில்லை. ஐந்து பிரதி எடுத்தார். ஐந்திலும் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக் கடைக்காரர் வாங்கிச் சுவரில் ஒட்டினார். மிச்சம் நாலையும் என்னிடமே கொடுத்து, "நீங்களே போய்க் குடுத்துட்டு வந்துருங்க சார். அதுதான் மரியாதை" என்றார்.

போனேன். முதல் மூன்று கடைகளில் தாளை வாங்கிப் படித்துவிட்டு, தலையாட்டி, மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார்கள். நாலாவது கடையில் இருந்தவர் படித்துவிட்டு எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார்.

"நீங்கதானுங்களா அது? அந்த வரியப் படிச்சுக்காட்டுனதும் எங்க ஊட்டுல அழுதுபோட்டாங்க சார். எப்படிங்க உங்களுக்கு அப்படித் தோணுச்சு?"

பதில் சொல்லாமல் நின்றால் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். நாற்காலி போட்டார், உட்கார்ந்தேன். எனக்கு எப்படித் தோன்றியது என்று கால் மணி நேரம் சொன்னேன்.